அப்பாவின் நெகட்டிவ்களைப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் சேர்க்கப் பட்ட பாடு

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை அப்புறம் திட்டலாம்.

1960-களின் கடைசியில், ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி கட்டிய காலத்தில், அப்பா ஒரு காண்டிராக்டரிடம் வெல்டராக இருந்தார். கையில் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். அப்படி ஏழு ரோல் எடுத்திருக்கிறார். காணாமல் போனது போக 71 நெகட்டிவ் ஒரு தகரப் பெட்டியில் பரணில் கிடந்தன. ஊட்டிப் பரண் எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜூனில் ஏறும் ஈரம் இறங்குவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். நெகட்டிவ்கள் மேல் சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பூசணம்.

நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஒரு நெகட்டிவை ஈரத்துணியால் துடைத்தேன். பூசணம் போனது. கூடவே படமும் போனது. துணியில் கறுப்பாக ஒரு கோடு. வரிசையாக நின்றிருந்த ஐந்து பேரில் வலது பக்கம் இருவருக்குத் தலை இல்லை. கோத்தகிரியில் இருக்கும் அக்காவிடம் காட்டினேன். சட்டையை வைத்து அடையாளம் சொன்னாள். கேமராவை யாரிடமோ கொடுத்துவிட்டு அப்பாவும் வரிசையில் நின்ற படம் அது. அப்படி ஒன்றுதான் இருந்தது.

நெகட்டிவில் படம் இருப்பது ஜெலட்டின் பூச்சில். பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். இதை எனக்குச் சொன்னவர் காப்பக நூலகர். சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் வீட்டில் பூசணம் பிடித்த நெகட்டிவ் இருந்தால் தண்ணீர் வேண்டாம், வெயிலிலும் காய வைக்க வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் சில நாள் உலரவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டவில்லை, மூன்று நாள் தும்மினேன்.

சமவெளியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், உள்ளூர் வரலாறும் விண்வெளி ஆய்வு வரலாறும் தொடர்பாக வீடுகளில் இருக்கும் படங்கள், குறிப்புகளைத் தன் டிஜிட்டல் காப்பகத்துக்குத் தரச் சொல்லி அறிவித்திருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. போன் செய்தேன். "ஸ்கேன் பண்ணி பென் டிரைவ்ல எடுத்துட்டு வாங்க சார்" என்றார் எழுத்தர். அவ்வளவுதான் சொன்னார். என்ன மாதிரி ஸ்கேன் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை, சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, காலை ஆறு மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். குன்னூர் பாதையில் மண் சரிவு, பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போனது. போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு இடைவேளை. மூன்று மணிக்கு எழுத்தர் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினார், இரண்டு படம் திறந்து பார்த்தார், உருவினார். "ஜேபெக் எடுக்க மாட்டோம் சார். டிஃப் வேணும். விதிமுறைத் தாள்ல இருக்கே." அந்தத் தாளை அவர் மேசை டிராயரிலிருந்து எடுத்து நீட்டியபோதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

கோபம் வந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் படித்துப் பார்த்ததில் விஷயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஜேபெக் கோப்பு படத்தைச் சுருக்கும்போது கொஞ்சம் விவரத்தை இழந்துவிடும், டிஃப் அப்படியே வைத்திருக்கும். போதாததற்கு, ஸ்டுடியோவில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்திருந்தார்கள். காகிதப் படத்துக்கு அது போதும். ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு அது ஒரு பக்கத்துக்குச் சுமார் 700 புள்ளிதான் தேறும். 2,400-ல் எடுத்தால் 5,000-க்கு மேல் வரும். படத்துக்கு 50 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். இன்னொரு கூத்து, சதுரப் படங்களை எல்லாம் நாலுக்கு ஆறு அளவுக்கு வெட்டி, கறுப்பு வெளுப்பைத் 'தூக்கி' வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படத்தில் ஓரத்தில் நின்ற கிரேனும் அதன் கீழே இருந்த ஆளும் காணவில்லை. ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது "ஓரம் தெரிய வேண்டும், எதையும் சரிசெய்ய வேண்டாம், டிஃப்" என்று ஒரு சீட்டில் எழுதி நெகட்டிவோடு கட்டிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள்.

மறுபடி ஸ்கேன். வேறு கடை, மூன்று மடங்கு காசு. வாரிசுச் சான்றிதழ் வங்கி வேலைக்காக முன்பே வாங்கி வைத்திருந்ததால் அதில் தப்பித்தேன். அக்காவின் கையெழுத்து ஒரே நாளில் கிடைத்தது.

இரண்டாவது பயணம் இதைவிட மோசம். இந்த முறை படங்கள் சரி. எழுத்தர் கேட்டார்: "இது ஆபீஸ் போட்டோவா, சொந்த போட்டோவா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலையின் பகுதியாக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வேலை கொடுத்தவருக்கு. சொந்தமாக எடுத்தது என்றால் எடுத்தவருக்கு, அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு. சட்டம் அப்படித்தான். வேலை நடக்கும் இடத்தில், வேலை நேரத்தில் எடுத்த படங்கள் என்பதால் காண்டிராக்டரிடம் தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொன்னார். அந்தக் காண்டிராக்டர் போய்ச் சேர்ந்து பல வருடம், கம்பெனியும் இல்லை. "அப்போ நிறுத்தி வைக்கிறோம் சார்" என்று சொல்லி என் கோப்பில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினார். ஐந்து மாதம் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை அவிழ்த்தது அப்பாவின் கணக்கு நோட்டு. மளிகைக் கணக்குதானே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரட்டினால், மண்ணெண்ணெய்க்கும் அக்காவுக்கு வாங்கிய டானிக்குக்கும் நடுவில் "பிலிம் 1". நாலு பக்கம் தள்ளி, "பிலிம் கழுவ". இப்படி ஏழு முறை, ஏழு ரோலுக்கும் கணக்கு இருந்தது. கூலிக்காரர் தன் சம்பளத்தில் பிலிம் வாங்கி, தன் காசில் கழுவியிருக்கிறார் என்பதற்கு அவர் கையெழுத்திலேயே சாட்சி. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, சொந்தக் கேமரா, சொந்தச் செலவு, படமெடுப்பது அவர் வேலை அல்ல என்று நானும் அக்காவும் உறுதிமொழி எழுதி அனுப்பினோம். மஞ்சள் சீட்டு கழன்றது. எழுத்தர் போனில், "நல்ல ஆதாரம் சார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. குறித்து வைத்திருக்கிறேன்.

ஆக, பழைய கணக்கு நோட்டு, ரசீது, உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். உறையிலும் நான் பாதி கோட்டை விட்டவன். சில நெகட்டிவ்கள் இருந்த மஞ்சளேறிய உறைகளில் 'இந்து' முத்திரை இருந்தது. நம் இந்துநகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த சரக்கு. ஆலையே மூடப்பட்டுவிட்டது. ஊட்டியில் செய்த பிலிமில் ஊட்டித் தொலைநோக்கியைப் படம் பிடித்திருக்கிறார் மனுஷன்! அழுக்கு உறை என்று நான் பாதியைக் குப்பையில் போட்டிருந்தேன். நூலகர் அதைக் கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சம் இருந்ததை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தோம்.

மூன்றாவது பயணத்தில்தான் அந்த நூலகரைப் பார்த்தேன். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே அவரிடம் விட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். தலை போன படத்தை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, வெட்கமாக இருந்தது. எண்ணிக்கை இடிக்கிறதே என்று அவர் கேட்டதும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். 1903 டிசம்பர் 17, ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு, 12 விநாடி, 120 அடி. அதன் கண்ணாடி நெகட்டிவ் அமெரிக்காவில் அவர்கள் ஊரான டேட்டனில் 1913-ல் வந்த பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஒரு மூலை சிதைந்தது சிதைந்ததுதான். இன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அந்த மூலையோடுதான் இருக்கிறது, யாரும் ஒட்டுப் போடவில்லை. அதே டேட்டனில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தக் குடும்பத்தின் தாள்களையும் படங்களையும் காத்து வருகிறதாம். "இதையும் அப்படியே ஏத்துவோம் சார். என்ன ஆச்சுன்னு குறிப்புல எழுதிடுவோம்" என்றார். 'உரிமையாளர் ஈரத்துணியால் துடைத்ததில் சேதம்' என்று என் கையாலேயே எழுதினேன்.

இனி படிவம். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, எடுத்தவர், தேதி, இடம், பொருள், உரிமை. எழுபத்தொரு முறை. தேதிதான் உதைத்தது. அப்பா எதிலும் தேதி எழுதவில்லை. குத்துமதிப்பாக '1968' என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தேன், நூலகர் அழித்துவிட்டார். தெரியாத தேதியை அடித்துவிடுவதைவிடக் கேள்விக்குறி போடுவது மேலாம். அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதில் இன்னமும் பெருமைதான். இந்தத் தொலைநோக்கி, பிளந்த மூங்கிலைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப், சரிவு ஊட்டியின் அட்சரேகையைப் போலவே சுமார் 11 டிகிரி இருக்கும் மலையைத் தேடிப் பிடித்தார். அதனால் சரிவோடு படுத்திருக்கும் அச்சு பூமியின் அச்சுக்கு இணை, ஒரே அச்சில் கதவு மாதிரித் திருப்பினால் வானத்தைத் தொடரலாம். 1970-ல் அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அப்படியானால், ஒரு படத்தில் எத்தனை சட்டம் நிற்கிறது என்று எண்ணினால் எது முன், எது பின் என்று தெரிந்துவிடுமே! சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியோடு ஒரு வாரம் எண்ணினேன். சரிவு முழுக்கத் தெரிகிற படங்களை எல்லாம் வரிசைப்படுத்திவிட்டேன். கணக்கு நோட்டின் 'பிலிம்' வரிகளோடு ஒப்பிட்டதில் மூன்று ரோலுக்கு மாதமே கிடைத்தது.

'பொருள்' என்ற இடத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: விண்வெளி அறிவியல் அல்லது வேளாண்மை. என்னிடம் இருப்பதோ, மேலே இரும்புச் சட்டம், கீழே குனிந்து உருளைக்கிழங்கு தோண்டும் பெண்கள். விண்வெளி என்று போட்டுவிட்டு, குறிச்சொற்களில் உருளைக்கிழங்கு, கூலி, பெண் தொழிலாளர் எல்லாம் சேர்த்தோம். ஊர்ப் பெயரையும் ஊட்டி, உதகமண்டலம், உதகை, ஊட்டகமண்ட் என்று நாலு விதமாகவும் போடுங்கள். ஒன்றை விட்டாலும் அந்தப் பெயரில் தேடுபவருக்குக் கிடைக்காது.

கணக்கு நோட்டில் பதினோரு பக்கத்தைப் பொதுப் பார்வைக்குத் தரவில்லை. யார் யார் முன்பணம் வாங்கினார்கள், யார் திருப்பவில்லை என்று பெயரோடு இருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இங்கேயே சந்தையில் கடை வைத்திருக்கிறார்கள். படிவத்தில் 'மூடி வைக்க' என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்டு டிக் அடிக்க வேண்டும்.

போன மாதம், படங்களைப் பார்க்க நிரந்தர இணைய இணைப்பு வந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன்.

"படமெல்லாம் நல்லா இருக்குடா. ஆனா வரைபடத்துல புள்ளி கேத்தி பாலாடால குத்தியிருக்கு. அப்பா வேலை செஞ்சது முத்தோரை பாலாடால்ல?"

படிவத்தில் வெறும் 'பாலாடா' என்று எழுதியவன் நான்தான். எழுத்தருக்குப் போன் போட்டேன். திருத்தப் படிவம் தனியாக இருக்கிறதாம். பிரின்ட் எடுத்து, இரண்டு வாரிசும் கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுவர வேண்டுமாம்.