பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்து இல்லை

பண்ருட்டிப் பக்கம் தாத்தாவுக்கு முந்திரித் தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் இருந்தன. 2002-இல் அவரும் இரண்டு மாமாக்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்தார்கள். அம்மாவுக்குப் பங்கு இல்லை. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. அம்மாவுக்கு 1984-இலேயே ஆகிவிட்டது. அதை ஈடுகட்டத்தான் தாத்தா தன் பங்கையும் மகன்களுக்கே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒரு ஷரத்தை எழுத வைத்தார். நஞ்சை எடுத்த பெரிய மாமா ஆண்டுக்கு நான்கு மூட்டை நெல்லும், தோப்பு எடுத்த சின்ன மாமா வைகாசிக்குள் 15,000 ரூபாயும் அம்மாவுக்கு ஆயுள் உள்ளவரை தர வேண்டும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. பணம் நின்றது. மரமே போனவனிடம் எப்படிக் கேட்பது என்று அம்மா விட்டுவிட்டார். அது நியாயம்தான். புதுக் கன்று வைத்து, அது காய்த்து, பருப்பு விற்ற காசில் மாடி வீடு எழும்பிய பிறகும் பணம் வரவில்லை என்பதுதான் எங்கள் கோபம். அப்பா போன பிறகு மருந்துச் செலவு கூடியது, நான் இறங்கினேன்.

முதலில் பத்திர நகல் வேண்டும். கையெழுத்துப் போடாதவருக்குத் தருவார்களா என்று அம்மாவுக்குச் சந்தேகம். சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தின் நகலை யார் கேட்டாலும் தர வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவே சொல்கிறது. வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணைப் பார்த்து மனுப் போட்டு, கட்டணம் கட்டி வாங்கிவிட்டோம்.

கடலூர் வக்கீல் ஒருவர் மூலம் நோட்டீஸ் போனது. பதில் நோட்டீஸும் வந்தது. சீர் செய்ய வேண்டிய தாய்மாமன் வக்கீல் வைத்து எழுதியிருந்தார்: ஒப்பந்தம் அப்பா, அண்ணன், நான் ஆகிய மூவருக்குள், உங்கள் கட்சிக்காரர் அதில் தரப்பினரே இல்லை, கேட்க உரிமை கிடையாது.

வெறும் மிரட்டல் என்று நினைத்தேன். வக்கீல் சிரிக்கவில்லை. பொதுவான விதி அதுதான், ஒப்பந்தத்தில் சேராதவர் அதை வைத்து வழக்குப் போட முடியாது என்றார். எம்.சி. சாக்கோ வழக்கைச் சொன்னார். தந்தை சொத்தைப் பிரித்துக் கொடுத்த பத்திரத்தில், கடனை மகன் கட்டுவான் என்று இருந்தது. அதைக் காட்டிக் கடன் கொடுத்த வங்கி உரிமை கேட்டபோது உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. ஆனால் அதே தீர்ப்பிலேயே விதிவிலக்கும் இருக்கிறது. மூன்றாம் நபருக்காகச் சொத்தின் மீது பொறுப்பு (பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை) ஏற்படுத்தியிருந்தாலோ, கல்யாணம், பாகப்பிரிவினை போன்ற குடும்ப ஏற்பாட்டில் அவருக்கென்று ஒதுக்கியிருந்தாலோ அவர் கேட்கலாம்.

எங்களுக்கு நெருக்கமானது ஹுசைனி பேகம் வழக்கு. 1877-இல் பிள்ளைகளின் கல்யாணத்துக்காக இரு தந்தையர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாக மாமனார் எழுதிக் கொடுத்தார். அதில் அந்தப் பெண் தரப்பினர் இல்லை. ஆனாலும் அவர் கேட்கலாம் என்று 1910-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. 1882-இன் சின்னய்யா வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துடையது என்பதால் அதைத்தான் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. வக்கீல் மறுத்துவிட்டார். பிரதிபலன், அதாவது ஒரு வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது, வேறொருவரிடமிருந்து வரலாம் என்பதற்குத்தான் அது உதவும். அங்கே தாயிடம் சொத்தைத் தானமாக வாங்கிய மகள், பணம் பெற வேண்டியவருக்கே தனியாக எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவிடம் அப்படி ஒரு தாளும் இல்லை.

அப்புறம் அவர் பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். "மேற்படி தொகைக்குத் தோப்புச் சொத்து பொறுப்பாகும்" என்று ஒரு வரி இருந்தது. எழுதிய பத்திர எழுத்தர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சாதாரணப் பாக்கி என்றால் 3 ஆண்டு வரைதான் பின்னோக்கிக் கேட்கலாம். சொத்தின் மீது பொறுப்பு இருந்தால் 12 ஆண்டு. இன்னொன்றும் உண்டு: மாமா தோப்பை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். பதிவான பத்திரத்தில் இருப்பதை வாங்குபவர் தெரிந்தவராகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவரும் இந்தச் சுமையோடுதான் வாங்க வேண்டும்.

வழக்குப் போடும் முன், கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனுவுக்கும் கட்டணம் இல்லை. பெரிய மாமாவும் வந்தார். ஷரத்தில் வாக்கு வாங்கிய தரப்பில் அவரும் ஒருவர் என்பதால் அவர் வந்து உட்கார்ந்ததே தனி பலம். சின்ன மாமா முதலில் வரவில்லை. வாங்க வந்தவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்த பிறகு வந்துவிட்டார்.

அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. பழைய பாக்கியில் புயலை அடுத்த சில ஆண்டுகளை அம்மாவே தள்ளிவிட்டார்; எனக்கு அதில் சம்மதம் இல்லை, அவர் தம்பி, அவர் முடிவு. மீதி இரண்டு தவணை. இனிமேல் வங்கிக் கணக்கில்தான். தோப்பை விற்றால் அம்மாவுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுத்துப் பொறுப்பை நீக்க வேண்டும். இந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இந்தமுறை அம்மா கையெழுத்துப் போட்டார். முதல் தவணை வந்துவிட்டது. விற்பனை இன்னும் முடியவில்லை. வாங்குபவர் தரப்பு அந்தத் தீர்வின் நகலைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறது.