மாணவர் செயல்பாடு

பி.எட். இரண்டு வருடப் படிப்பாக மாறிய பிறகு சேர்ந்தவள் நான். பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் கல்லூரியிலேயே நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் நிறைகுறை, 12 நிமிடத்தில் திருத்தி எழுதி மறுபடி ஆறு நிமிடம் பாடம், மறுபடி நிறைகுறை. மொத்தம் 36 நிமிடம், ஒரே ஒரு திறனுக்கு. எனக்கு வந்தது கிளர்வினா, அதாவது மாணவர்களைத் தூண்டித் தூண்டிப் பதிலை வரவழைக்கும் கேள்வி. எதிரே 'மாணவர்களாக' உட்கார்ந்திருந்தது கூடப் படிப்பவர்கள்தான். கேள்வியை முடிப்பதற்குள் பத்து கை தூக்கும். நாளைக்கு அவர்கள் முறை வருமே! நானும் பிரமாதமாக நடத்துகிறேன் என்றே நம்பிவிட்டேன்.

அப்புறம் அரசு உயர்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு, ஒளிவிலகல். பாடத்திட்டத்தில் 'ஆசிரியர் செயல்பாடு', 'மாணவர் செயல்பாடு' என்று கட்டம் போட்டு, பிள்ளைகள் சொல்லப்போகும் பதிலையும் முதல்நாள் ராத்திரியே எழுதி வைத்திருந்தேன். கேள்வி கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பதற்றத்தில் பதிலை நானே சொல்லிவிட்டேன். அடுத்த கேள்விக்கும் அதே கதை.

மணி அடித்ததும் வழிகாட்டி ஆசிரியை கூப்பிட்டார். "ஏம்மா, கேள்வியும் நீயே, பதிலும் நீயே. அப்புறம் அதுங்க எதுக்கு?"

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளமாகவே வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதியதைப் பிறகுதான் படித்தேன். ஆனால் வகுப்பில் நின்று பார்த்தால்தான் மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

மறுநாள் எவர்சில்வர் டம்ளருக்குள் ஒரு ரூபாய் போட்டேன். காசு மறைகிற இடம்வரை ஒரு பெண்ணைப் பின்னால் நகரச் சொல்லிவிட்டு, மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். "டீச்சர், காசு தெரியுது!" ஏன் தெரிகிறது என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. ஃபேன் மட்டும் கடகடத்தது. மூன்று. நான்கு.

கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை என் முகத்தையே பார்க்காத ஒரு பையன் சொன்னான். "எங்க கெணத்துலயும் இப்பிடித்தான் டீச்சர். தரை கிட்டக்க இருக்குன்னு குதிச்சா, காலு எட்டாது."

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, நேர் மேலேயிருந்து பார்த்தால் நாலடி ஆழம் மூன்றடியாகத்தான் தெரியும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே கணக்குப் போட்டுவிட்டான்: "அப்ப பன்னெண்டடின்னு நெனச்சது பதினாறா?" பக்கத்துப் பையன் 'ஐயோ' என்று தலையில் கை வைத்தான்.

அன்று ராத்திரி ரெக்கார்டில், 'மாணவர் செயல்பாடு' கட்டத்தில் இருந்த அழகான வாக்கியத்தை அடித்துவிட்டு, கிணற்றுக் கதையை எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று கல்லூரியில் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன், கிணற்றோடு.