புள்ளிக்குப் புள்ளி தாவிய மார்க்கர்

மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பத்தா வாசலில் சிக்குக்கோலம் போடுவதை அக்கா பையன் என் போனில் எடுத்தான். பதினோரு வயசு, விடியற்காலைக் குளிர் வேறு. 2 நிமிஷ வீடியோ, மாட்டுவண்டியில் உட்கார்ந்து எடுத்த மாதிரி ஆடுகிறது. ஆனால் 15 புள்ளி 15 வரிசை வைத்து, எங்கேயும் நின்று யோசிக்காமல் அப்பத்தா இழை இழுப்பது முழுசாக இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை.

ஆட்டத்தை நிறுத்த, முதலில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில், ஆட்டம் குறைக்கும் விட்ஸ்டாப் ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை ஓடி எந்த ஃபிரேம் எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளும், இரண்டாம் தடவை அதை வைத்துப் படத்தை எதிர்த்திசையில் நகர்த்தும். நாம் எதையும் மாற்றாவிட்டால் முன்னால் 10 ஃபிரேம், பின்னால் 10 ஃபிரேம் பார்த்துச் சராசரி எடுக்கும். நடந்துகொண்டே எடுத்த வீடியோவுக்கு இது போதும். இங்கே அப்பத்தா கேமரா முன்னால் குறுக்கே போகும்போது பாதிப் படம் சேலைதான். விட்ஸ்டாப் சேலையின் பின்னாலேயே போக, தரை வழுக்கிக்கொண்டு ஓடியது.

சரி, எதைப் பின்தொடர வேண்டும் என்று நாமே சொல்லிவிடுவோம் என்று பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குப் போனேன். மூவி கிளிப் எடிட்டரில் ஒரு மார்க்கர் வைத்தால், அந்தச் சின்னச் சதுரத்துக்குள் இருக்கும் படத்தை அடுத்த ஃபிரேமில் சுற்றுவட்டாரத்தில் தேடிக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். சாணம் தெளித்த தரையில் வெள்ளை வெளேரென்று 225 புள்ளி, மார்க்கர் வைக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று நானும் நாலு புள்ளியில் வைத்து ஓட்டினேன். பத்தாவது நொடியில் வாசலே துள்ளிக் குதித்தது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருப்பதால் கேமரா ஆடும்போது மார்க்கர் பக்கத்துப் புள்ளிக்குத் தாவிவிடுகிறது! தேடும் எல்லையைச் சுருக்கினால் தாவாது, ஆனால் பையன் கை வேகமாக ஆடிய இடத்தில் புள்ளியே எல்லைக்கு வெளியே போய் மார்க்கர் நின்றுவிடுகிறது. போதாததற்கு இழை வந்து சுற்றியதும் புள்ளியின் முகமே மாறிவிடுகிறது.

கடைசியில் கைகொடுத்தது வாசற்படியின் ஒரு மூலையும், சாக்கடை மூடியின் உடைந்த விளிம்பும். வேறு எங்கேயும் அதே மாதிரி இல்லாத இடம், இரண்டு பக்கமும் கோடு திரும்புகிற மூலை. வெறும் நேர்க்கோட்டில் வைத்தால் மார்க்கர் கோட்டின் மேலேயே சறுக்கும். இரண்டையும் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டம் நிறுத்தும்) பட்டியலில் சேர்த்து, சாய்வையும் கணக்கில் எடுக்கச் சொன்னதும் தரை அப்படியே நின்றது.

நின்றது தரை மட்டும்தான். வெளிச்சம் போதாததால் போன் ஷட்டரை மெதுவாக வைத்திருக்கிறது, ஆடும்போது பதிவான கலங்கல் அப்படியே இருக்கிறது. ஆடாத படத்தில் திடீர் திடீரென்று கலங்குவது, ஆடும் படத்தைவிடக் கண்ணை உறுத்துகிறது. இதற்கு, இப்படிப் பின்தொடர்கிற எந்த டிராக்கரிடமும் மருந்து இல்லை.

அப்புறம் ஓரம். படத்தை நகர்த்தினால் விளிம்பில் கறுப்பு தெரியும், அதை மறைக்க ஆட்டோஸ்கேல் பெரிதாக்கும். மேலே 90, கீழே 90 பிக்சல் ஆடியிருந்தால் 1080ல் மிஞ்சுவது 900தான், 1.2 மடங்கு பெரிதாக்க வேண்டும். நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ் வரிசையக் காணோமேடா, பதினாலுதான இருக்கு" என்றது.

இப்போது ஆட்டத்தை ஈடுகட்டும் நகர்வின் அளவை முழு 1லிருந்து 0.6க்குக் குறைத்து மறுபடி ரெண்டர் போட்டிருக்கிறேன். கொஞ்சம் ஆடுகிறது, 15 வரிசையும் இருக்கிறது.