மணிக்கு 45 ரூபாயா, மொத்தமாக 81,000 ரூபாயா?

கொங்குப் பேச்சில் இருக்கும் ஆடியோவை எழுத்தாக்க, பேச்சை எழுத்தாக மாற்றும் ஓபன்ஏஐயின் விஸ்பர் என்ற ஏஐ மாடலைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு ஜிபியு என்னும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். முதலில் இணையம் வழியாக வாடகைக்குத்தான் எடுத்தேன். 24 ஜிபி மெமரி உள்ள கார்டு, ஜிஎஸ்டி சேர்த்து மணிக்கு 45 ரூபாய். ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி காசுதானே என்று இருந்துவிட்டேன்.

முதல் மாத பில் 6,660 ரூபாய். அதாவது 148 மணி நேரம். பயிற்சி ஓடிய நேரப் பதிவை எடுத்துக் கூட்டினால் 61 மணி நேரம்தான் வருகிறது. மீதி 87-இல் அறுபது மணி நேரம் ஒரே வாரக் கடைசியில் போயிருந்தது. வெள்ளி இரவு 9 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தவன், திங்கள் காலை 9 மணிக்குத்தான் திறந்தேன். வாடகைக் கார்டு இருந்த சர்வரை நிறுத்தவே இல்லை. நின்ற ஆட்டோவுக்கு 2,700 ரூபாய் மீட்டர். அதன் பிறகு ஒழுங்காக நிறுத்தப் பழகினேன், ஆனால் சர்வர் தூங்கினாலும், அதில் என் ஃபைல்கள் கிடக்கும் டிஸ்குக்கான வாடகை தூங்காது.

சரி, சொந்தமாக வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதே 24 ஜிபி உள்ள பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு 62,000. அதைத் தாங்கும் பவர் சப்ளை, யுபிஎஸ் 19,000. மற்ற பாகங்கள் என்னிடமே இருந்தன. ஓடும்போது மணிக்கு அரை யூனிட் கரண்ட், அந்த அரை யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். ஆக ஒரு மணி நேரத்துக்கு மிச்சம் 40.50. போட்ட 81,000 திரும்ப வர 2,000 மணி நேரம் ஓட வேண்டும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 250 நாள். நான் உண்மையில் ஓட்டிய இரண்டு மணி நேரம் என்றால் 1,000 நாள். காகிதத்தில் வாடகைதான் ஜெயித்தது. ஆனாலும் வாங்கினேன்.

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஜிபியுக்களை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் முடிவுக்கு வந்தபின் இப்படிப்பட்ட கார்டுகள் பழைய மார்க்கெட்டில் குவிந்தன. என்னுடையதும் அங்கே உழைத்துக் களைத்ததாக இருக்கலாம். 3090-இல் மெமரி சிப்களில் பாதி கார்டின் முதுகுப் பக்கம் இருக்கும், அங்கேதான் சூடு ஏறும். விற்றவர் வீட்டிலேயே அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னேன். மெமரி 104 டிகிரியைத் தொட்டது. அதைக் காட்டி 3,000 குறைத்ததில்தான் அந்த 62,000. வீட்டுக்கு வந்து சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடை மாற்றி, கார்டு இழுக்கும் கரண்டின் 350 வாட் வரம்பை 280-க்கு இறக்கினேன். வேகம் நூற்றுக்கு ஐந்தாறுதான் குறைந்தது, சூடு நன்றாகவே இறங்கியது.

430 யூனிட்டில் நிற்கும் எங்கள் வீட்டு ஈபி பில் அந்த முறை 545 காட்டியது. 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும். அப்பா பில்லை நீட்டி, "ஏன்டா, அந்த ரூம்ல அடுப்பு வெச்சிருக்கியா?" என்றார். பெரிய தவறாகவும் சொல்லவில்லை.

வாடகையை முழுக்க விட்டுவிடவும் முடியவில்லை. விஸ்பரின் பெரிய மாடலில் 155 கோடி பாராமீட்டர், அதாவது பயிற்சியில் மாறிக்கொண்டே இருக்கும் எண்கள். அதை முழுதாகப் பழக்க, வழக்கமான முறையில் பாராமீட்டர் ஒன்றுக்கு 16 பைட் மெமரி, அதுவே கிட்டத்தட்ட 25 ஜிபி. ஆடியோவை ஏற்றும் முன்பே என் 24 ஜிபி வழிந்துவிடும். அதற்கு மட்டும் 80 ஜிபி கார்டை ஒரே இரவு, ஒன்பது மணி நேரம் எடுத்தேன். இந்த முறை பயிற்சி முடிந்ததும் தானே அணைந்துகொள்ளும்படி கடைசி வரியில் ஷட்டவுன் கட்டளை போட்டிருந்தேன்.

பதினாலு மாதம் ஆகிறது. கார்டு ஓடியது 1,350 மணி நேரம். போட்ட முதலைத் திரும்ப எடுக்க இன்னும் 650 இருக்கிறது. ஆனால் வாடகையில் மாதம் 61 மணி நேரம் ஓட்டியவன் இப்போது 96 ஓட்டுகிறேன். மீட்டர் பயத்தில் அப்போது தொடாமல் விட்ட சோதனைகள்தான் அந்த 35 மணி நேரம். தோற்றுப்போனவையும் அதில் நிறைய உண்டு. தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே பதிவான பேச்சைப் புரியவைக்கும் முயற்சி, நாலாவது தடவையாக, இதை எழுதும்போது பக்கத்து ரூமில் ஓடிக்கொண்டிருக்கிறது.