4 அடி கேட்டும் ஒரு மினி ஹிட்டாச்சியும்

இன்று காலை எதிர்வீட்டின் 4 அடி அகலக் கேட்டின் முன் வந்து நின்ற மினி ஹிட்டாச்சி என்னும் சிறிய மண் தோண்டும் இயந்திரம், ஓட்டுநர் ஒரு லிவரை இழுத்ததும் தன் ரப்பர் பட்டைகள் இரண்டையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, சுவரில் உரசாமல் நுழைந்தது. கொல்லையை அடைந்ததும் பட்டைகளை மீண்டும் அகல விரித்துக்கொண்டது.

ஜேசிபியின் அகலம் 2 மீட்டருக்கும் மேல். அதை உள்ளே விட வேண்டுமென்றால் மதிலையே இடித்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்குக் குழி மதியத்துக்குள் முடிந்தது. கடப்பாரையோடு நாள்கணக்கில் இடுப்பொடிய உழைத்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வாடகை மணிக்கணக்கில்தான். குறைந்தது எத்தனை மணி நேரம், கொண்டுவரும் வண்டிக்கூலி யாருடையது, டீசலும் ஓட்டுநர் படியும் அதில் அடங்குமா என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது குழியின் விளிம்புதான். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். அதை ஓரத்திலேயே குவித்தால் அந்தப் பாரமே பக்கச்சுவரைச் சரித்து, உள்ளே இறங்கியவரை நொடியில் மூடிவிடும். இந்த ஓட்டுநர் ஒவ்வொரு வாளி மண்ணையும் தள்ளியே கொட்டினார். குடிநீர்க் குழாய் செல்லும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட வைத்து, அதன் அருகே மட்டும் மண்வெட்டியால் தோண்டச் சொன்னார். கிளம்பும் முன், சிமெண்ட் உறை இறக்கும்வரை குழியைச் சுற்றித் தகரம் அடைக்குமாறு வீட்டுக்கார அம்மாவிடம் வற்புறுத்திச் சொல்லிவிட்டே போனார்.