வார்த்தையில்லாப் புத்தகமும் ‘பாவம்’ என்ற வார்த்தையும்

பச்சை அட்டை, உள்ளே பொன், கருப்பு, சிவப்பு, வெள்ளை. ஓர் எழுத்துகூடக் கிடையாது, நிறங்களைக் காட்டியே நற்செய்தி சொல்லும் புத்தகம். ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளின் சாமான் என்று மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அது முதலில் இருந்தது ஒரு முதியவர் கையில். 1866 ஜனவரி 11 அன்று லண்டனில் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் செய்த பிரசங்கத்தில் அந்த முதிய போதகர் வருகிறார். கருப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்றே தாள்கள். தன் பாவம், கிறிஸ்துவின் இரத்தம், கிடைத்த சுத்தம் மூன்றையும் தனக்குத்தானே நினைவுபடுத்த எடுத்துப் பார்த்துக்கொள்வாராம். பரலோகத்தைக் காட்டும் பொன் பக்கத்தை 1875இல் அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி சேர்த்தார். பச்சை அதற்கும் பின்னால் வந்தது. பிற்பாடு திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் நிலைத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், சாட்டின் துணியில் இந்த நிறங்களில் ஒரு கொடியே செய்து ஊழியத்துக்குக் கொண்டுபோனார்.

செய்வது சுலபம். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் நான்கு அட்டைத் துண்டுகளை நடுவில் மடித்து, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு நிறத்தாளை ஒட்டுங்கள். பிறகு நான்கையும் முதுகோடு முதுகு ஒட்டி, வெளியே பச்சை அட்டை. இப்படிச் செய்தால் எங்கே திறந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நிறம். தனித்தனித் தாளாகத் தைத்தால் சிவப்பைக் காட்டும்போது கருப்போ வெள்ளையோ பக்கத்தில் எட்டிப்பார்க்கும், பிள்ளைகளின் கண் அங்கே போய்விடும். தண்ணீர்ப் பசை கிளேஸ் தாளைச் சுருக்கும். குச்சிப் பசை போதும். ஒட்டியபின் ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். இந்த அளவு சின்னக் குழுவுக்குத்தான்; முப்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு ஏ4 தாளுக்குக் குறைந்த பக்கம் கடைசி வரிசைக்குத் தெரியாது.

செய்வதில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். சொல்வதில்தான் சறுக்கல். முதல் சறுக்கல் ‘பாவம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாவம் என்றால் ‘ஐயோ பாவம்’. அடிபட்ட நாய்க்குட்டி பாவம், காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பி பாவம். ‘நம்ம எல்லாருக்குள்ளேயும் பாவம் இருக்கு’ என்று டீச்சர் சொன்னால் பிள்ளை இரக்கத்தோடு தலையாட்டும். புரிந்துவிட்டது என்று டீச்சர் பக்கத்தைத் திருப்புவார். நான்கிலிருந்து ஆறு வயது வரை அந்தச் சொல்லைத் தனியே விடாதீர்கள்: ‘கடவுள் வேண்டாம்னு சொன்னதைச் செய்யறது. தம்பியைக் கிள்ளிட்டு, நான் இல்லைன்னு சொல்றது’. அதன்பிறகு ‘இதுக்குப் பேர்தான் பாவம்’. ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். அதற்கு மேல் அந்த வயது உட்காராது.

அதே பக்கத்தில் இன்னொரு கண்ணி. ‘பாவம் கருப்பு, இயேசு வெள்ளையாக்குவார்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், முன்வரிசைப் பெண்பிள்ளை தன் கையைத் திருப்பிப் பார்க்கும். நம் ஊரில் நிறத்தை வைத்து அது கேட்காத பேச்சா? ‘இருட்டுப் பக்கம்’ என்று சொல்லுங்கள், ‘வெள்ளை’க்குப் பதில் ‘சுத்தம்’. ‘தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை’ என்று யோவான் எழுதியிருப்பதால் வேதத்தை விட்டு விலகியதாகவும் ஆகாது.

சிவப்பில் பலர் சிலுவையோடு நிறுத்திவிடுகிறார்கள். 1 கொரிந்தியர் 15:3, 4 இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். ஆணியையும் இரத்தத்தையும் நீட்டி வர்ணித்தால் சின்னப் பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும். சுத்தப் பக்கத்துக்கு ஏசாயா 1:18 எடுப்பவர்கள் ‘உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்’ என்பதில் மாட்டிக்கொள்வார்கள். பனியைப் பார்த்திராத பிள்ளைக்கு அதே வசனத்தின் கடைசியில் பஞ்சு இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஏழிலிருந்து பதினொன்று வரை பதினைந்து நிமிடத்தில் முழுப் புத்தகமும் போகும். பதின்பருவத்தாரிடம் இதை எடுக்கவே வேண்டாம், சிரிப்பார்கள். சபையில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாப் பதிலும் மனப்பாடம். ‘பாவம்’ என்றால் சிகரெட், சினிமா என்று பட்டியல் வரும். லூக்கா 18இல் பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபிக்கும் ஆறு வசனங்களை (9-14) வாசிக்கவிட்டு, ‘இதில் நல்ல பையன் யார்?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

முதியவர்களிடம் புத்தகம் மறுபடி வேலைக்கு வரும். ‘போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ’ என்று சொல்லும் ஆச்சிக்குப் பாவம் ஒரு கணக்கு, எதிர்ப்பக்கத்தில் புண்ணியம். அங்கே ‘எல்லாரும் பாவஞ்செய்து’ என்ற ரோமர் 3:23ஐ முதலில் எடுத்தால், ‘ஆமாய்யா, தெரியும்’ என்பார். லூக்கா 23இல் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடமிருந்து தொடங்குங்கள். புண்ணியம் சேர்க்க அவனுக்கு நாளே இல்லை; ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்ற வாக்கு மட்டும் கிடைத்தது. கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளையே மஞ்சளாகத் தெரியும். அதனால் பொன் பக்கத்துக்கு மஞ்சள் தாள் வேண்டாம், மினுங்கும் ஜிகினாத்தாள் ஒட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வசனத்தை மூன்று தடவை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடினால் அன்றைக்கு அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

அழைப்புக்கு வருவோம். ‘இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கை தூக்குங்க’ என்றால் அறுபது கை உயரும். தூக்கினால் டீச்சர் அக்காவுக்குப் பிடிக்கும், பக்கத்துப் பையனும் தூக்கிவிட்டான். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் எழுதாதீர்கள். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்து வரட்டும். மூடிய அறையில் அல்ல, எல்லாரும் பார்க்கும் திண்ணையில், பெரியவர்கள் இருவர் இருக்க. ‘எதுக்கும்மா வந்தே?’ என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். ‘மிட்டாய் குடுப்பீங்களான்னு’ என்ற பதிலும் வரும், அதற்கும் முகம் சுளிக்காதீர்கள். வேறு மதத்துப் பிள்ளை என்றால், என்ன சொல்லித்தருகிறோம் என்பது பெற்றோருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

பச்சை அட்டைதான் பாதியில் நிற்கும். ‘வளருங்கள்’ என்று 2 பேதுரு 3:18ஐச் சொல்லிவிட்டு நிறைவுவிழாவில் பரிசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். விழாவுக்கு முந்தின நாளே பெயர்ப் பட்டியலைப் பிரித்து, ஓர் ஆசிரியருக்கு ஐந்து பிள்ளைகள் என்று ஒப்படையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் ஞாயிறு யார் வரவில்லை என்று அந்த ஆசிரியர்தான் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.