டிப்பைக் குறை சொல்லும் முன் மைக்காவைப் பாருங்கள்

ஏ.எஃப்.எம். என்பது அணுவிசை நுண்ணோக்கி, டிப் என்ற நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளத்தைப் படமாக்கும். அதில் படம் சரியாக வரவில்லை என்றால் கை முதலில் போவது கெயினுக்கும் (மேடுபள்ளத்துக்குக் கருவி எவ்வளவு வேகமாக ஈடுகொடுக்கிறது என்ற அமைப்பு) ஸ்கேன் வேகத்துக்கும்தான். நானும் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன், டிப்பை மட்டும் மூன்று முறை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் கோளாறு முழுக்க நான் தயாரித்த சாம்பிளில்.

நான் பார்க்க நினைத்தது டி.என்.ஏ. அதற்கு அடித்தளம் மைக்கா, ஊரில் காக்காப்பொன் என்போமே, அதுதான். ஏடு ஏடாகப் பிரியும், ஒரு ஏட்டின் கனம் சுமார் 1 நானோமீட்டர். செலோடேப்பை அழுத்தி ஒட்டி, ஓரத்திலிருந்து நிதானமாக ஒரே இழுப்பில் உரித்தால் அணு அளவில் சமமான பரப்பு கிடைக்கும். உரித்ததும் டேப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மைக்கா வட்டின் மேல் ஏடு முழுசாக ஒட்டி வந்திருக்க வேண்டும். பாதிதான் வந்திருக்கிறதா, திரும்ப உரியுங்கள், இதில் சோம்பல் வேண்டாம்.

அப்புறம் மின்னேற்றம். தண்ணீரில் மைக்காவின் பரப்பும் எதிர்மின், டி.என்.ஏ.வும் எதிர்மின், சும்மா ஊற்றினால் ஒட்டாது. நடுவில் பாலம் போட மக்னீசியமோ நிக்கலோ வேண்டும், சில மில்லிமோலார் போதும். நான் செய்த தப்பு இங்கேதான்: டி.என்.ஏ.வை நீர்க்கச் செய்ய பி.பி.எஸ். என்ற உப்பு கலந்த பாஸ்பேட் கரைசலை எடுத்துவிட்டேன். அதிலிருக்கும் சோடியம் மக்னீசியத்தின் இடத்துக்குப் போட்டி போடும், அதோடு காயும்போது உப்பும் படியும். படத்தில் கிளை கிளையாக அழகாக ஏதோ தெரிந்தது, டி.என்.ஏ. என்று சந்தோஷப்பட்டேன், உயரத்தை அளந்தால் 6 நானோமீட்டர். இரட்டைச் சுருளின் விட்டமே 2 நானோமீட்டர்தான், காற்றில் வைத்து அளந்தால் பெரும்பாலும் 1-க்கும் கீழே காட்டும். ஆக, அது வெறும் உப்பு.

இப்போது கழுவுவதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன். சொட்டு வைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மைக்காவைச் சாய்த்துப் பிடித்து மிகத் தூய நீரைச் சொட்டுச் சொட்டாக வழியவிட்டு, வடிதாளால் ஓரத்தை மட்டும் தொட்டு, பக்கவாட்டிலிருந்து மெல்லிய நைட்ரஜன். கூடவே டி.என்.ஏ. இல்லாமல் வெறும் பஃபர் (டி.என்.ஏ.வைக் கலக்கும் கரைசல்) மட்டும் வைத்த இன்னொரு மைக்கா, அதே கழுவல், அதே உலர்த்தல். முதலில் ஸ்கேன் செய்வது அதைத்தான், அது வெறுமையாக வந்தால்தான் அடுத்தது.

மைக்காவைத் தாங்கும் தட்டில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் சாம்பிள் மெல்ல நகர்ந்து படம் இழுபடும், எபாக்சி பசை நல்லது.

இப்படிச் செய்த முதல் நாளே பி.யூ.சி.19 பிளாஸ்மிட் (வளைய வடிவ டி.என்.ஏ.) வளையங்கள் தெரிந்தன. 2686 அடியிணைகள், இணைக்கு 0.34 நானோமீட்டர் என்றால் சுற்றளவு 913 நானோமீட்டர் வரவேண்டும். முறுக்கு விழாத ஒரு வளையத்தைத் தேடிப் பிடித்து மவுஸால் வரைந்து அளந்தேன், 900-ஐ ஒட்டி வந்தது.